பணியும் பண்பும்

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலி நாட்டின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தார். செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தினரான பெற்றோர், பிறந்த ஊரின் பெயரையே மகளுக்குச் சூட்டினர். அக்காலத்தில் இங்கிலாந்தில் செவிலியர் பணிக்கு மதிப்பில்லை. செவிலியர் குடிப்பழக்கம் உடையவர், நம்பத்தகாதவர் என்றே பலர் எண்ணினர். ஆகவே, அப்பணியை விரும்பிய மகளைப் பெற்றோர் பல ஆண்டுகள் தடுத்தனர். 1851இல்தான் அவர் ஜெர்மனிக்குச் சென்று பயிற்சி பெற முடிந்தது.

1853இல் இலண்டனில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு அவர் தலைமை ஏற்றார். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தோரை மட்டுமே அங்குச் சேர்க்க வேண்டும் என்றது நிருவாகக் குழு. எச்சமயத்தவராயினும் நோயாளர் நோயாளரே என்பது அம்மையாரின் உறுதி. குழு இசைந்தது.

அடுத்த ஆண்டு இங்கிலாந்து கிரிமியப் போரில் இறங்கியது. 38 செவிலியருடன் அவர் துருக்கியில் உள்ள ஸ்குடாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். மருத்துவர்கள் அவர்களை வரவேற்கவில்லை. படைவீரர்கள் அழுக்கிலும் வலியிலும் கிடந்தனர். ஆயினும், மருத்துவர் அழைக்கும்வரை எவரும் நோயாளரை அணுகக் கூடாது என்று அம்மையார் ஆணையிட்டார். செவிலியர் மனம் குமுறியபடியே கட்டுத்துணிகளை ஆயத்தம் செய்தனர். துன்புறுவோரைக் கண்டும் காத்திருப்பது அறமாகுமா? எளிதில் விடை கூற இயலாத வினா இது. மருத்துவரை மீறினால் தாங்கள் அனைவருமே திருப்பி அனுப்பப்படலாம், பிறகு ஒருவருக்கும் உதவ இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். சில நாள்களில் காயமுற்றோர் வெள்ளமென வந்து குவியவே, மருத்துவர்களே அழைத்தனர்.

இரவில் விளக்கேந்தி நோயாளரைப் பார்த்து வந்த அவருடைய உருவத்தை உலகம் நன்கறியும். அதனினும் அரிய செயல் ஒன்று உண்டு. போருக்குப் பின் அவர் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். புண்ணால் இறந்தோரைவிட நோயால் இறந்தோரே மிகப் பலர். தாம் பணியாற்றிய மருத்துவமனையின் நெரிசலும் கழிவுநீரும் பல உயிர்களைப் பறித்திருந்தன. அவர் அதனை மறைக்கவில்லை. வண்ண வரைபடங்களாக வரைந்து ஆட்சியாளர் முன் வைத்தார்.

1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கே கைத்திறனுக்கு மட்டுமன்றி நடத்தைக்கும் பதிவேடு இருந்தது. நேரந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, தூய்மை ஆகியவை ஒவ்வொரு மாணவியிடமும் எவ்வாறு உள்ளன என்பதை மாதந்தோறும் குறித்தனர். நள்ளிரவில் காண்பார் எவரும் இல்லாதபோதும் மருந்தை உரிய வேளையில் தருவாரா, நோயாளரின் மறைச்செய்திகளைக் காப்பாரா என்பனவற்றை வினாத்தாளால் அறிய முடியுமா? அன்றாடம் உடனிருந்து பார்ப்போரே அறிய முடியும். 1872 முதல் மாணவியருக்கு அவரே நீண்ட மடல்களும் எழுதினார்.

பிற்காலத்தில், தேர்வு நடத்திச் செவிலியரைப் பதிவு செய்ய வேண்டும் என்று பலர் கோரினர். பண்பைத் தேர்வால் அளக்க இயலாது என்று கருதிய அம்மையார் அதனை எதிர்த்தார். பதிவு இருந்தால்தான் தகுதியற்றோரிடமிருந்து நோயாளரைக் காக்கலாம் என்ற எதிர்த்தரப்பின் வாதத்திலும் நியாயம் இருந்தது. 1910 ஆகஸ்ட் 13ஆம் நாள் அவர் மறைந்தார். பதிவுச் சட்டம் 1919இல் நிறைவேறியது.