தூண்டிற்காரர் ஐசக் வால்டன்

ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைக் கண்டால், வேலையற்றவன் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் உடனே முடிவு கட்டிவிடுவார்கள். காலை முதல் மாலை வரை காத்திருந்து விரல் நீளத்தில் நாலு மீனைக் கொண்டுவந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் அந்த விரல் நீள மீன்களைப் பற்றியும் அக்கறையோடு ஒரு நூல் எழுதி, 370 ஆண்டுகள் கடந்தும் படிக்கப்படுகிற ஒருவர் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தார். அவர் பிரபு அல்லர். பல்கலைக்கழக வாசலை மிதித்தவரும் அல்லர். துணி வணிகர். ஐசக் வால்டன் என்னும் அப்பெரியாரின் வாழ்க்கையை நம் மாணவியருக்கு இங்கே சொல்ல விழைகிறோம்.

ஸ்டாஃபோர்டு என்னும் ஊரில் 1593-ஆம் ஆண்டு வால்டன் பிறந்தார். தந்தையார் சிறு விடுதி நடத்தியவர். மகனுக்கு நான்கு வயது நிறையுமுன்பே அவர் காலமானார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். இளம் வயதிலேயே வால்டன் இலண்டன் மாநகர் சென்று, தம் தமக்கையின் கணவரான துணி வணிகரிடம் தொழில் பழகினார். 1618-இல் இரும்பு வணிகர் சங்கத்தில் உறுப்பினரானார். துணி விற்பவருக்கு இரும்புச் சங்கத்தில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அக்கால இலண்டனில் ஒரு சங்கத்தில் சேர்ந்தவர் வேறு தொழில் செய்வதற்குத் தடை இருக்கவில்லை.

பிறகு ஃப்ளீட் தெருவில் கடை வைத்தார். அவருடைய பங்கு ஆலயத்திற்கு 1624-இல் குருவாக வந்தவர் ஜான் டன் என்னும் பெருங்கவிஞர். டன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் ஆங்கிலிக்கன் சபையில் குருவானவர். அவருடைய மறையுரைகளைக் கேட்கக் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்த கடைக்காரர், மெல்ல மெல்ல அவருடைய நெருங்கிய நண்பரானார். டன் மறைந்தபின் அவருடைய வரலாற்றை எழுத முன்வந்தவர் சர் ஹென்றி வோட்டன். அரச தூதராக இருந்து பின்னர் ஈட்டன் பள்ளியின் தலைவரானவர். தூண்டில் போடுவதிலும் வால்டனின் தோழர். ஆனால் 1639-இல் வோட்டனும் இறந்துபோகவே, குறிப்புகளைச் சேகரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த வால்டனே அதை எழுதும்படி ஆயிற்று. 1640-இல் டன்னின் மறையுரைத் தொகுப்புடன் அது வெளிவந்தது. இவ்வாறு எழுத்தாளராக வேண்டும் என்று நினைக்காமலே ஒரு வணிகர் எழுத்தாளரானார். பின்னாளில் வோட்டன், ஹூக்கர், ஹெர்பர்ட், சாண்டர்சன் ஆகியோரின் வரலாறுகளையும் அவரே எழுதினார்.

இவ்வளவும் வெளி வாழ்க்கை. வீட்டிலோ துயரம் அடுக்கடுக்காக வந்தது. 1626-இல் ரேச்சல் என்னும் பெண்ணை அவர் மணந்தார். ஏழு குழந்தைகள் பிறந்தன. எழுவரையும் சிறு வயதிலேயே புதைக்க நேர்ந்தது. 1640-இல் மனைவியும் மறைந்தார். டன்னின் வரலாறு அச்சேறிய அதே ஆண்டு அது. 47 வயதில் மனைவியை இழந்தவராக அவர் நின்றார்.

நாட்டிலும் அமைதி இல்லை. 1642-இல் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. வால்டன் அரசர் பக்கம் நின்றவர். அவருடைய நண்பர்களான குருக்கள் பலர் பதவி பறிக்கப்பட்டு வீதிக்கு வந்தார்கள். 1649-இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை துண்டிக்கப்பட்டது. 1651 செப்டம்பர் 3-ஆம் நாள் உர்ஸ்டர் போரில் தோற்ற இளவல் இரண்டாம் சார்லஸ் மாறுவேடத்தில் தப்பி ஓடினார். அவருடைய அணிகலன் ஒன்று ஸ்டாஃபோர்டு பகுதியில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை எதிரிகளின் கண்ணில் படாமல் இலண்டன் கோபுரச் சிறையில் இருந்த அரசரின் படைத்தலைவரிடம் சேர்ப்பித்தவர் நம் வால்டன். அப்போது வயது 58. பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பவரை எளிதாக எடை போட்டுவிடக் கூடாது!

இதற்குள் 1647-இல் ஆன் கென் என்னும் பெண்மணியை அவர் மறுமணம் செய்துகொண்டிருந்தார். ஒரு மகளும் ஒரு மகனும் பிழைத்து வளர்ந்தார்கள். 1653-இல், 60 வயதை எட்டும் நேரத்தில், அவருடைய தூண்டில் நூல் வெளிவந்தது. விலை 18 பென்னி. வெற்றியும் தோல்வியும் சட்டமும் சண்டையுமே பேச்சாக இருந்த அந்த நாட்டில், மே மாதக் காலையில் மூவர் சந்தித்து லீ ஆற்றை நோக்கி நடந்துகொண்டே பேசுவதாக அமைந்த நூல் அது. ஒருவர் தூண்டிற்காரர், மற்றவர் வேட்டைக்காரர், மூன்றாமவர் வல்லூறு பழக்குபவர். (இந்த மூன்றாமவர் 1655-இல் வந்த இரண்டாம் பதிப்பிலேதான் சேர்ந்தார்.) மழை வந்தால் வேலி ஓரம் ஒதுங்குகிறார்கள். ஓரிடத்தில் பால் கறக்கும் பெண்ணும் அவள் தாயும் பாட்டுப் பாடுகிறார்கள். பாட்டுக்குப் பரிசாகத் தூண்டிற்காரர் ஒரு மீனைக் கொடுக்கிறார். இரவில் விடுதியில் மீனைச் சமைத்து உண்டு, லாவண்டர் மணக்கும் படுக்கையில் உறங்குகிறார்கள். நூலில் போரைப் பற்றிய கூச்சல் இல்லை. ஏழு குழந்தைகளைப் பறிகொடுத்தவர் எழுதியது என்று தெரிந்து படித்தால், அந்த அமைதி நமக்கு வேறு விதமாகப் படுகிறது.

கர்த்தரின் பன்னிரு அப்போஸ்தலருள் இராயப்பர், பெலவேந்திரர், யாகப்பர், அருளப்பர் ஆகிய நால்வர் மீனவர் என்பதைத் தூண்டிற்காரர் பெருமையோடு எடுத்துக் காட்டுகிறார். அமைதியான வாழ்வைப் பற்றிப் புனித சின்னப்பர் தெசலோனிக்கருக்கு எழுதிய சொற்களோடு நூல் முடிகிறது.

மாணவியர் இனி நூலின் தொழில் நுணுக்கத்தைச் சற்றுக் காணலாம். ஓர் இலேசான நீண்ட கம்பு; அதன் நுனியிலேயே கட்டிய நூல். நைலான் நரம்பு அந்நாளில் ஏது? குதிரை வால் முடியைத் திரித்துத்தான் நூல் செய்வார்கள். முடி கண்ணாடிபோல் தெளிவாக, உருண்டையாக, ஒரே பருமனாக இருக்கவேண்டும். எல்லா இழையும் ஒரே இறுக்கமாகத் திரிய வேண்டும். ஒன்று இறுகி மற்றொன்று தளர்ந்தால் இறுகியது முதலில் அறும், அடுத்தது பின்னால் அறும். தக்கையைக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் துளைத்து, துளையில் இறகுத் தண்டைச் செருகி, பதமாகச் சீவ வேண்டும். கீழே சிறு ஈயக் குண்டு. அதற்கும் கீழே முள்ளும் சிவப்புப் புழுவும். ஈயம் மிகுந்தால் தக்கை மூழ்கிவிடும். குறைந்தால் இரை அடிக்குப் போகாது. தக்கை துடித்து அமிழும்போது வெடுக்கென்று இழுப்பவர் நூலைத்தான் இழப்பார். மணிக்கட்டை இலேசாகத் திருப்பினால் போதும்.

புதிதாகப் பழகுவோர்க்கு வால்டன் சொல்லும் மீன் கட்ஜன். கெண்டை இனத்தைச் சேர்ந்த சிறுமீன். நம் அயிரையைப்போல ஆற்றின் அடிமணலில் மேயும். கோடையில் ஆழமில்லாத இடங்களில் பரந்து திரியும். இலையுதிர் காலத்தில் கூட்டமாக ஆழத்துக்குப் போகும். இரை தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதே இதற்கு விதி. இதன் பல் வாயில் இல்லை, தொண்டையில் இருக்கிறது. வாய் தோல்போல் உறுதியானது. ஆகவே முள் ஒருமுறை பதிந்தால் எளிதில் நழுவாது. மின்னோ என்னும் இன்னும் சிறிய மீன் சிறுவர்க்கும் பெண்களுக்கும் நல்ல பொழுதுபோக்கு என்கிறார். அதை முட்டை மஞ்சட்கருவோடும் வசந்தகாலப் பூக்களோடும் பொரிக்கும் பக்குவமும் எழுதியிருக்கிறார். மனையியல் வகுப்புக்கு இது புதிது!

அவர் சொன்னதெல்லாம் சரியல்ல. பைக் என்னும் மீன் நீர்ச்செடியிலிருந்தும், விலாங்கு பனித்துளியிலிருந்தும் தோன்றலாம் என்ற பழங்கருத்துகளை அவர் நம்பினார். விலாங்கு அட்லாண்டிக் கடலின் சர்காசோ பகுதியில் இனம் பெருக்குகிறது என்பதை டென்மார்க் அறிஞர் ஜொஹானஸ் ஷ்மிட் 1922-இல்தான் வெளியிட்டார். உயிருள்ள தவளையை முள்ளில் கோக்கும் முறையை வால்டன் விளக்கும் பக்கமும் நமக்கு உவப்பாக இல்லை. கவிஞர் பைரன் அவரைக் கொடியவர் என்று ஏசியதில் ஓரளவு நியாயம் உண்டு. மேலும், அவர் முன்னோரிடம் தாராளமாகக் கடன் வாங்கியவர். 1496-இல் ஆங்கிலத்தில் அச்சான முதல் தூண்டில் நூலின் பன்னிரு செயற்கை ஈக்கள் அவர் நூலிலும் பறக்கின்றன. அந்த முதல் நூலை எழுதியவர் ஒரு கன்னியர் மடத்துத் தலைவியான ஜூலியானா பெர்னர்ஸ் அம்மையார் என்பது பரம்பரைச் செய்தி. இதை நம் கன்னியர் குறித்துக்கொள்வார்களாக! 1577-இல் வெளியான மற்றொரு தூண்டில் நூலின் ஒரே பிரதி 1954-இல் கண்டெடுக்கப்பட்டபோது, உரையாடல் அமைப்பே அங்கிருந்து வந்தது எனத் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பால்காரப் பெண்ணின் பாட்டையும் வேலியோர மழையையும் நூலுக்குள் அழைத்து வந்தவர் வால்டன்தான்.

அவர் வாழ்நாளிலேயே ஐந்து பதிப்புகள் வந்தன. 1676-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், அவரைத் தந்தையாகவே மதித்த சார்லஸ் காட்டன் என்னும் இளைய நண்பர் இரண்டாம் பாகம் எழுதிச் சேர்த்தார். டவ் ஆற்றங்கரையில் 1674-இல் காட்டன் கட்டிய சிறிய தூண்டில் வீட்டின் வாசலில் இருவர் பெயரின் முதலெழுத்துகளும் பின்னிக்கொண்டு நிற்கின்றன.

இரண்டாம் மனைவியும் 1662-இல் காலமானார். அதன்பின் ஆயர் ஜார்ஜ் மார்லியின் ஆதரவிலும், வின்செஸ்டரில் மகளின் குடும்பத்தோடும் வாழ்ந்தார். 1683 டிசம்பர் 15-ஆம் நாள், தேம்ஸ் நதியே உறைந்துபோன அந்தப் பெருங்குளிர்காலத்தின் தொடக்கத்தில், 90-ஆவது வயதில் உயிர் நீத்தார். வின்செஸ்டர் பேராலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அதற்கு மேலே இங்கிலாந்து, அமெரிக்கத் தூண்டிற்காரர்கள் 1914-இல் வைத்த வண்ணக் கண்ணாடிச் சாளரத்தில், ஆற்றங்கரையில் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார்.

இறந்த ஆண்டிலேயே அவர் உயில் எழுதினார். மகன் 41 வயதுக்குள் மணம் செய்துகொள்ளாவிட்டால், தம் பண்ணை பிறந்த ஊரான ஸ்டாஃபோர்டுக்குச் சேரவேண்டும் என்றார். அதன் வருமானத்தில் ஆண்டுதோறும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகள் இருவரைத் தொழிலில் அமர்த்த வேண்டும். ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கோ நேர்மையான ஏழையின் மகளுக்கோ திருமணத்திற்குப் பணம் தரவேண்டும். மீதியில் ஏழைகளுக்கு நிலக்கரி வாங்க வேண்டும். அதையும் ஜனவரி கடைசி வாரத்திலோ பிப்ரவரி முதல் வாரத்திலோ கொடுக்க வேண்டும், ஏனெனில் ஏழைகளை மிகவும் வாட்டும் நாட்கள் அவையே என்று காரணத்தையும் எழுதிவைத்தார். மகன் மணம் செய்துகொள்ளவே இல்லை. பண்ணை ஸ்டாஃபோர்டு மக்களுக்கே வந்து சேர்ந்தது.