மிளா வேட்டைக்காக கப்பலில் நாய்களைக் கொண்டு வந்தவர்: யார் இந்த சாமுவேல் பேக்கர்?

சங்கரன்கோவிலுக்கு மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று போனால் மேற்குத் தொடர்ச்சி மலை வந்துவிடும். அந்த மலையடிவார விவசாயிகளுக்கு மிளா புதுசு இல்லை. பெரிய உருவம், கரும்பழுப்பு ரோமம், கிளை பிரிந்த கொம்பு. பகலில் காட்டுக்குள் படுத்துக்கிடக்கும், இருட்டினதும் மேய இறங்கும். சிலர் இதை கடமான் என்பார்கள். கடல் தாண்டி இலங்கைத் தமிழர்களிடம் கேட்டால் மரை என்பார்கள்.

இந்த மிளாவை வேட்டையாடுவதற்கென்றே இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, இலங்கை மலையில் குடியேறினார் ஒருவர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய் உலகப் புகழ் பெற்ற சர் சாமுவேல் வைட் பேக்கர்தான் அவர். அவருடைய வேட்டைத் திட்டங்களில் எதுவுமே விட்டுப்போகாது. ஆனா ஒரே ஒரு கணக்கு மட்டும் விட்டுப்போனது. அது என்ன?

யார் இந்த சாமுவேல் பேக்கர்?

1821 ஜூன் 8ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அப்பா பெரிய வணிகர். ஜமைக்காவிலும் மொரீஷியஸிலும் குடும்பத்துக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. 1843இல் ஹென்றியெட்டா மார்ட்டின் என்பவரைத் திருமணம் செய்தார். தோட்டத்தைக் கவனிக்க மொரீஷியஸ் போனார், அங்கே மனசு ஒட்டவில்லை. யானை வேட்டை பற்றிய கதைகள் அவரை இலங்கைக்கு இழுத்தன.

முதல் வருஷம் வேட்டையிலேயே கழிந்தது. பிறகு கடுமையான காய்ச்சல் பிடித்துக்கொண்டது. உடம்பு தேற, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்குப் போனார். அந்தக் குளிர் அவரைத் தேற்றிவிட்டது. ஏன் இங்கேயே ஒரு இங்கிலாந்து கிராமத்தை உருவாக்கக் கூடாது என்று யோசித்தார். யோசித்ததோடு நிற்காமல் ஊருக்குத் திரும்பி ஏற்பாடுகளையும் ஆரம்பித்துவிட்டார்.

கப்பலில் ஏறியது என்னென்ன?

1848 செப்டம்பரில் ஒரு கப்பல் இங்கிலாந்திலிருந்து கிளம்பியது. அதில் பண்ணை மேற்பார்வையாளர் குடும்பம், கொல்லர் உள்ளிட்ட குடியேறிகள், விவசாயக் கருவிகள், விதைகள் எல்லாம் இருந்தன. கூடவே உயர்சாதி குதிரை, காளை, பசு, மூன்று ஆட்டுக்கிடாக்கள், நரி வேட்டை நாய்கள், பேக்கருக்குப் பிரியமான ஒரு வேட்டை நாய்.

திட்டம் காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. கொழும்பிலிருந்து மலை ஏறும்போதுதான் சிக்கல் ஆரம்பித்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய குதிரைக்காரர், வண்டியையும் குதிரைகளையும் மலைச்சரிவில் உருட்டிவிட்டார். கொழுத்த சீமைப்பசு வெயிலும் ஏற்றமும் தாங்காமல் வழியிலேயே செத்தது. மீதிச் சாமான்களை மீட்க யானை ஒன்றை அனுப்பினால், அதே குதிரைக்காரர் அதை ஓட ஓட விரட்டி, அதுவும் செத்துப்போனது. இதெல்லாம் பேக்கர் தன் புத்தகத்தில் தானே எழுதிவைத்த கதைகள்.

அப்போது அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று: சுமை தூக்கும் உயிருக்கு எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் எந்தப் பயணத்தையும் திட்டமிடக் கூடாது.

பயிரைத் தின்ற மிளா

நுவரெலியாவில் காடு அழித்து ஓட்ஸ் விதைத்தார். பயிர் நன்றாகத்தான் வந்தது. ஆனா அறுவடைக்கு முன்னாடியே மிளாக்களும் காட்டுப்பன்றிகளும் புகுந்து காலி செய்துவிட்டன. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஆடுகளும் தாக்குப்பிடிக்கவில்லை.

இன்றைக்கு மலையடிவார விவசாயி ஒருவர் சொல்லும் அதே புலம்பல்தான். ஆனா பேக்கருக்கு இது நஷ்டமாக மட்டும் தெரியவில்லை. நாய்களை அவிழ்த்துவிட ஒரு காரணமாகவும் ஆனது.

எல்க் என்று ஏன் எழுதினார்?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். பேக்கரின் புத்தகங்களில் மிளாவை எல்க் என்றே எழுதியிருப்பார். இலங்கையில் இருந்த ஆங்கிலேயர்களுக்கு அப்படி அழைப்பதுதான் பழக்கம். உண்மையில் ஐரோப்பாவில் எல்க் என்பது வேறு மான், அமெரிக்காவில் எல்க் என்பது இன்னொரு மான். ஊர்ப் பேரைக் கேட்காமல், பழகிய பேரைத் தூக்கி வைத்ததால் வந்த குழப்பம் இது. இலங்கையில் அவர் துரத்தியது நம் மலைகளில் இருக்கும் அதே மிளாவைத்தான்.

வேட்டைக்கு எப்படித் தயாரானார்?

நுவரெலியாவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், 2,100 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது ஹோர்ட்டன் சமவெளி. திறந்த புல்வெளி, நடுநடுவே சோலைக்காடு, குளிர்ந்த ஓடைகள். மிளாவுக்குச் சொர்க்கம். அங்கே பேக்கர் ஒரு வேட்டை முகாமே கட்டினார். தங்க வீடு, குதிரை லாயம், நாய்களுக்குக் கொட்டகை, சமையலறை எல்லாம் தனித்தனியாக.

அவருடைய ஏற்பாட்டை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலில் நாய்கள். இங்கிலாந்து நரி வேட்டை நாய்கள் இந்த மலைக்குச் சரிப்படவில்லை. அதனால் வேறு வேறு இனங்களோடு கலந்து புது நாய்களை வளர்த்தார். மோப்பம் பிடித்துக் குரைத்துக்கொண்டே போக ஒரு வகை. பாய்ந்து பிடிக்க இன்னொரு வகை.

இரண்டாவது குதிரைகள். புல்வெளியில் மைல் கணக்கில் போக குதிரை வேண்டும். ஆனா அடர்ந்த காட்டுக்குள்ளும் செங்குத்துச் சரிவிலும் குதிரை உதவாது. அங்கே இறங்கி ஓடித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது ஆட்கள். கூடாரம், தார்ப்பாய், அரிசி, எண்ணெய், மருந்து, மெழுகுவர்த்தி எல்லாம் மனிதத் தலையிலும் தோளிலும்தான் போயின. ஆட்களை முன்னாடியே அனுப்பிவிட்டு, பேக்கரும் நண்பர்களும் பின்னால் குதிரையில் போவார்கள். துரை வந்து இறங்கும்போது அடுப்பு எரிய வேண்டும்.

அந்தக் காலத்தில் இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சி சீமைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போனார்கள். படகில் மன்னார் போய் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே நடந்து மலை ஏறினார்கள். வழியிலேயே பசியிலும் நோயிலும் செத்தவர்கள் ஏராளம். மலைநாட்டில் பாதை போட்டதும், காடு வெட்டியதும், சுமை தூக்கியதும் இப்படிப்பட்ட கூலியாட்கள்தான். நாய்களின் பேரெல்லாம் பேக்கரின் புத்தகங்களில் இருக்கிறது. சுமை தூக்கியவர்களில் பெரும்பாலானோரின் பேர் இல்லை.

கத்தியோடு ஓடையில்

வேட்டை விடியற்காலையில் ஆரம்பிக்கும். இரவு மேய்ந்த மிளாவின் மோப்பம் ஈரப் புல்லில் அப்போதுதான் நன்றாக இருக்கும். நாய்கள் கிளப்பியதும் மிளா காட்டுக்குள் ஓடும். களைத்ததும் தண்ணீரைத் தேடிப் போகும். ஓடையின் நடுவில் பாறையை முதுகுக்கு வைத்துக்கொண்டு, கொம்பைத் தாழ்த்தி நாய்களை எதிர்த்து நிற்கும். ஆண் மிளா 200 கிலோவைத் தாண்டும். கொம்பாலும் முன்னங்காலாலும் அடித்தால் நாயின் கதை முடிந்தது.

இந்த வேட்டையில் பேக்கர் துப்பாக்கி எடுப்பதில்லை. சுமார் ஓர் அடி நீள அலகு கொண்ட கத்தி மட்டும்தான். நாய்களின் குரைப்பை வைத்தே மிளா எங்கே நிற்கிறது என்று கணித்து, சரிவில் ஓடி இறங்கி, தண்ணீருக்குள் குதித்துக் குத்துவார். மிளாவுக்கும் தனக்கும் சமமான போட்டி என்பது அவர் நினைப்பு. துணைக்கு ஒரு நாய்ப்படையே இருக்கும்போது அது எவ்வளவு சமம் என்பது வேறு விஷயம்.

1853இல் இலங்கை வேட்டை அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். 1855இல் எட்டு ஆண்டு இலங்கை வாழ்க்கை பற்றி இன்னொரு புத்தகம். இரண்டும் இங்கிலாந்தில் பேர் வாங்கிக்கொடுத்தன. அவற்றில் யானைகள் டஜன் கணக்கில் சாகின்றன. மிளாக்களுக்குக் கணக்கே இல்லை.

நைல் பயணமும் 29 விலங்குகளும்

1855இல் குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பினார். அந்த டிசம்பரிலேயே ஹென்றியெட்டா டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். பிறந்த ஏழு குழந்தைகளில் பிழைத்தது நான்கு மகள்கள்தான்.

1859இல் ஒட்டோமான் ஆட்சியிலிருந்த விடின் நகரில், அடிமைச் சந்தையிலிருந்து மீட்ட புளோரன்ஸ் என்ற இளம்பெண் அவருக்கு வாழ்க்கைத் துணையானார். இருவரும் 1861இல் கெய்ரோவிலிருந்து நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டார்கள்.

1862 டிசம்பரில் கார்ட்டூமிலிருந்து கிளம்பியபோது 4 குதிரை, 4 ஒட்டகம், 21 கழுதை என 29 விலங்குகள் கூடவே போயின. அவ்வளவு கவனமாகச் சேர்த்தும், நோயும் வெயிலும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொன்றன. கடைசியில் மாட்டின் மேலேறியும் நடந்தும்தான் போக வேண்டியிருந்தது. 1864 மார்ச் 14ஆம் தேதி அந்தப் பெரிய ஏரியைப் பார்த்தார்கள். உள்ளூர் மக்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த ஏரிதான். பேக்கர் அதற்கு ஆல்பர்ட் என்று பேர் வைத்தார்.

1866இல் சர் பட்டம் கிடைத்தது. 1869 முதல் 1873 வரை எகிப்து ஆட்சியாளருக்காக, நைலின் மேல்பகுதியில் அடிமை வியாபாரத்தை ஒடுக்கும் படைக்குத் தலைமை தாங்கினார்.

60 வயதில் நிஜ எல்க் வேட்டை

1881இல் அமெரிக்காவின் வயோமிங் பகுதியில் இருக்கும் பிக்ஹார்ன் மலைக்குப் போனார் பேக்கர். இலங்கையில் பேருக்கு மட்டும் இருந்த எல்க், இங்கே நிஜமாகவே இருந்தது.

அங்கே வேட்டை முறையே வேறு. தலைச்சுமை ஆட்கள் கிடையாது. கூடாரம், மாவு, உப்பு, தோட்டா எல்லாம் பொதிக்குதிரைகளிலும் கோவேறு கழுதைகளிலும் போகும். பொதியின் இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனம் கூடினா சேணம் நழுவும், முதுகு புண்ணாகும், ஒரு குதிரை நின்றாலும் மொத்தப் பயணமும் நின்றுவிடும். திரும்பும்போது இறைச்சியையும் கொம்பையும் தூக்க வேண்டும் என்பதால், போகும்போதே அதற்கும் இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும்.

அந்த மலைகளில் பேக்கர் வேறொன்றையும் பார்த்தார். ஒரு காலத்தில் சமவெளி முழுக்க நிறைந்திருந்த காட்டெருமைகள் கிட்டத்தட்ட காலியாகிக்கொண்டிருந்தன. தோலுக்காகச் சுட்டுத் தள்ளிவிட்டு, உடலை அப்படியே விட்டுப் போனார்கள். பல்லாயிரம் இருக்கிறதே, எப்படித் தீரும் என்று நினைத்த விலங்கு தீர்ந்துபோனது. 1890இல் வெளியான காட்டு விலங்குகள் பற்றிய புத்தகத்தில் இந்த அமெரிக்க அனுபவங்களையும் சேர்த்து எழுதினார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1893 டிசம்பர் 30ஆம் தேதி, இங்கிலாந்தின் டெவன் பகுதியில் தன் வீட்டில் 72 வயதில் காலமானார்.

விட்டுப்போன கணக்கு எது?

எத்தனை ஆள், எத்தனை நாய், எத்தனை குதிரை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் பேக்கருக்கு அத்துப்படி. ஆனா, இந்த மலைக்கு எவ்வளவு வேட்டை தாங்கும் என்ற கணக்கு அவர் பட்டியலில் இல்லை. அவர் காலத்து வேட்டைக்காரர்கள் பலரும் அதைப் பெரிதாகப் போட்டுப் பார்க்கவில்லை.

அந்தக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள்தான் போட்டார்கள். தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 1873இல் இலங்கையில் 5,000 அடிக்கு மேலிருக்கும் காடுகளை விட்டுவைக்க முடிவானது. ஹோர்ட்டன் சமவெளி 1969இல் சரணாலயமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. ஆனா யானைகளுக்கு அது லேட். பேக்கர் காலத்தில் அங்கே திரிந்த யானைக் கூட்டங்கள் 1940களுக்குள் அடியோடு மறைந்துவிட்டன.

மிளா தப்பித்துக்கொண்டது. இன்றைக்கு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனால், சுற்றுலாப் பயணிகளின் வண்டிக்குப் பக்கத்திலேயே மரைகள் நின்று மேயும். அங்கே ஓர் அருவி இருக்கிறது, பேரு பேக்கர் நீர்வீழ்ச்சி. அதற்கு கோனாகல என்றும் ஒரு பேர் உண்டு. சிங்களத்தில் கோனா என்றால் மரை.

இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மிளாவை வேட்டையாடுவது குற்றம். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மிளாவை அழியும் ஆபத்து உள்ள இனங்களில் வைத்திருக்கிறது. பயிர் போகிறதே என்ற விவசாயியின் கவலை நியாயமானதுதான், அதற்கு வேலியும் இழப்பீடும் வேண்டும். ஆனா துப்பாக்கியும் நாயும் அதற்குத் தீர்வு இல்லை. அந்த வழியில் போனால் என்ன மிஞ்சும் என்பதை, அந்த வழியில் போன ஒருவரே பிக்ஹார்ன் மலையில் கண்ணால் பார்த்துவிட்டார்.