ஐம்பத்தெட்டு வயதில் முதல் நாவல்: தியோடோர் ஃபொன்ரானே

யேர்மனியில் உயர்வகுப்புப் படிக்கும் எமது பிள்ளைகளிற் பலர் "எஃபி பிறீஸ்ற்" என்னும் நாவலைப் பாடமாகப் படிக்கின்றனர். அதை எழுதியவர் தியோடோர் ஃபொன்ரானே. அவரது பெயரை அறிந்த அளவுக்கு அவரது வாழ்க்கையை நம்மவர் அறிந்திலர். அகதிகளாய் இந்நாட்டுக்கு வந்த நாம் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அது.

ஃபொன்ரானேயின் முன்னோரும் அகதிகளே. 1685ஆம் ஆண்டு பிரான்ஸ் மன்னன் பதினான்காம் லூயி, புரட்டஸ்தாந்து மக்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தான். அதே ஆண்டு பிராண்டன்பேர்க் ஆட்சியாளர் பிரெட்ரிக் வில்ஹெல்ம், பொட்ஸ்டாம் ஆணையின் மூலம் அம்மக்களுக்குப் புகலிடம் அளித்தார். ஹியூகனோக்கள் எனப்பட்ட அவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். தமக்கெனத் தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் அமைத்துக்கொண்டனர். அந்தச் சமூகத்திலே, 134 ஆண்டுகளுக்குப் பின், 1819 டிசம்பர் 30ஆம் திகதி நொய்ருப்பின் என்னும் சிற்றூரில் ஃபொன்ரானே பிறந்தார். அவர் எழுதியதோ யேர்மன் மொழியில்.

தந்தையார் மருந்துக்கடை வைத்திருந்தார். சூதாட்டத்தால் கடன் ஏறிக் கடையை விற்க வேண்டியதாயிற்று. மகனும் அதே தொழிலைப் பயின்று 1847இல் தேர்வில் சித்தியடைந்தார். சொந்தக் கடை போட முதல் இல்லை. பேர்லின் குறொய்ஸ்பேர்க்கில் இருந்த பெத்தானியன் மருத்துவமனையில் சிலகாலம் மருந்தாளராகப் பணி புரிந்தார். 1849இல் அத்தொழிலை விட்டு, எழுத்தை நம்பி வாழத் துணிந்தார். அடுத்த ஆண்டு எமிலி என்பவரை மணந்தார். பிறந்த ஏழு பிள்ளைகளில் மூவர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளும் அவர் பத்திரிகைக்காகவே எழுதினார். 1855 முதல் 1859 வரை இலண்டனில் இருந்தார். பின்னர் பேர்லினில் பத்து ஆண்டுகள் ஒரு பத்திரிகையின் ஆசிரியர் பீடத்தில் இருந்தார். பிராண்டன்பேர்க் கிராமங்களைச் சுற்றிப் பயண நூல்கள் எழுதினார். 1870இல் போர்ச் செய்தி சேகரிக்கப் பிரான்சுக்குப் போய், ஒற்றர் என்ற சந்தேகத்தில் பிடிபட்டு, இரு மாதமளவில் சிறையிருந்து மீண்டார். இத்தனைக்கும் இடையில், 1860களிலே தொடங்கிய ஒரு நாவல் முடிவுறாமல் மேசை இழுப்பறையில் கிடந்தது.

1876இல் அவருக்குக் கலைக்கழகச் செயலாளர் பதவி கிடைத்தது. நிலையான சம்பளம் உள்ள அரச உத்தியோகம். சில மாதங்களிலேயே அதை உதறினார். எமிலிக்கு அது பெரும் மனவேதனை தந்தது. கணக்கெழுதும் தொழிலில் இருக்கும் நாம் அந்த அம்மையாரின் பக்கமே முதலில் நிற்கிறோம். மாதச் சம்பளம் நின்றால் வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளுக்கும் வழி என்ன? ஆயினும் வேலையை விட்டு இரண்டே ஆண்டில், 1878இல், அந்த நாவல் வெளிவந்தது. "புயலுக்கு முன்" என்பது அதன் தலைப்பின் பொருள். அப்போது ஆசிரியருக்கு வயது 58.

அந்நாளில் நாவல் விற்பனையாகும் முறையையும் சொல்ல வேண்டும். முதலில் ஒரு சஞ்சிகையில் தொடராக வரும். பின்பு பதிப்பகம் நூலாக்கும். ஒரே எழுத்துக்கு இரு முறை ஊதியம் கிடைக்கும். "புயலுக்கு முன்" தொடராக "டாஹைம்" சஞ்சிகையிலும், நூலாகப் பேர்லின் ஹேர்ற்ஸ் பதிப்பகத்திலும் வந்தது. எமது கல்கியின் கதைகளும் இப்படியே தொடராகி நூலானவை. இன்னொரு பொருத்தமும் உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் "பிரதாப முதலியார் சரித்திரம்" வெளியானது அடுத்த ஆண்டாகிய 1879இல். அவரும் அப்போது ஐம்பதைக் கடந்தவரே.

ஃபொன்ரானே வேகமாக ஒரு வரைவு எழுதுவார். அதைக் கட்டி வைத்துவிட்டு வேறொன்றைத் தொடங்குவார். மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் கழித்து எடுத்து, வரி வரியாகத் திருத்துவார். பழைய தாள்களின் பின்பக்கத்தையும் வீணாக்காமல் எழுதினார். அடித்தலும் ஒட்டலும் நிறைந்த அத்தாள்களை அச்சகத்தார் வாசிக்கும்படி அழகாகப் படியெடுத்துக் கொடுத்தவர் எமிலியே. உத்தியோகத்தை விட்டதற்காக வருந்திய அதே எமிலிதான்.

1887இல், ஓர் ஏழைத் தையற்காரிக்கும் பிரபு குலத்து அதிகாரிக்கும் இடையிலான காதலை "ஃபோசிஷ" நாளிதழில் தொடராக எழுதியபோது, ஒழுக்கக்கேடு என்று வாசகர் பலர் சினந்தனர். அவர் மனம் தளரவில்லை. 1892இல் கடும் நோயும் மனச்சோர்வும் வந்து, "எஃபி பிறீஸ்ற்" பாதியில் நின்றது. மருத்துவர், நாவலை விட்டுச் சிறுவயது நினைவுகளை எழுதும்படி ஆலோசனை கூறினார். எழுதினார், நலம் பெற்றார், நாவலையும் முடித்தார். 1894-95இல் சஞ்சிகையில் தொடராக வந்த அதனை, மகன் ஃபிரெட்ரிக்கின் பதிப்பகம் நூலாக்கியது. 1898 செப்டெம்பர் 20ஆம் திகதி அவர் காலமானார். கடைசி நாவலான "ஸ்ரெக்லீன்" அதன் பின்னரே நூலாக வந்தது. பேர்லினில் பிரெஞ்சுச் சமூகத்தாரின் மயானத்தில் எமிலியோடு துயில்கிறார். நகரை மதில் பிரித்திருந்த காலத்தில் அக்கல்லறை எல்லை வலயத்துக்குள் அகப்பட்டிருந்தது.

அன்பர்களே, எமது வீடுகளிலும் இழுப்பறைக்குள் கொப்பிகள் கிடக்கின்றன. ஊரையும் ஓடி வந்த வழியையும் எழுதத் தொடங்கி, வேலை, பிள்ளைகள், வயது என்று நிறுத்தியவர்கள் பலர். ஐம்பத்தெட்டு பிந்திய வயதல்ல என்பதை அவர்கள் அறியட்டும். பெற்றோரின் கையெழுத்தைக் கணினியில் படியெடுத்துக் கொடுக்கும் பணியைப் பிள்ளைகள் ஏற்கட்டும். நாளை அப்பிள்ளைகளில் ஒருவர் யேர்மன் மொழியிலேயே நாவல் எழுதினாலும், அது எமது கதையாகவும் இருக்கும்.