தன் இதயத்துக்குள் தானே குழாயைச் செலுத்திய டாக்டர்... யார் இந்த வெர்னர் ஃபோர்ஸ்மான்?

இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும் பிரச்சினைக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இது ஓராண்டைத் தாண்டியும் விடாமல் நீடித்து, மாத்திரைக்கும் அடங்காதபோது, சிலருக்கு கதீட்டர் அப்லேஷன் சிகிச்சை செய்யப்படுகிறது. நெஞ்சைத் திறக்காமல், தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாகவே மெல்லிய குழாய் இதயத்துக்குப் போய்விடும். ஆனால், இந்த வழியை முதலில் காட்டியவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை!

தடையை மீறிய சோதனை

1904-ல் பெர்லினில் பிறந்தவர் ஃபோர்ஸ்மான். முதல் உலகப் போரில் தந்தையை இழந்தார். மருத்துவம் முடித்து, 1929-ல் எபர்ஸ்வால்டே நகர மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். உயிரோடு இருப்பவரின் இதயத்தைக் குழாய் தொட்டால் ஆபத்து என்று டாக்டர்கள் அஞ்சிய காலம் அது. கை ரத்தக்குழாய் வழியாகப் பத்திரமாக இதயத்தை அடையலாம் என்றார் ஃபோர்ஸ்மான். தலைமை டாக்டர் அனுமதி தரவில்லை.

அவர் விடவில்லை. கருவிகளைத் தரும் பொறுப்பில் இருந்த நர்ஸிடம் பேசினார். சோதனையைத் தன் மீதே செய்யச் சொல்லி அவர் முன்வந்தார். அவரை மேஜையில் படுக்கவைத்துக் கட்டிய ஃபோர்ஸ்மான், குழாயைச் செலுத்தியதோ தன் இடது கையில்! சிறுநீரகச் சிகிச்சைக்கான 65 செ.மீ. குழாய் அது. கையில் குழாயோடு படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கே நடந்து போனார். குழாயின் நுனி இதயத்தின் வலது மேல் அறையில் இருந்ததை எக்ஸ்ரே காட்டியது.

27 ஆண்டுக் காத்திருப்பு

அந்த ஆண்டே ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஆனாலும் பெரிய மருத்துவமனைகளில் அவருக்கு இடம் நிலைக்கவில்லை. இதயத்தை விட்டுவிட்டு சிறுநீரகவியல் பக்கம் போனார். 1932-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தது அவர் வாழ்வின் கறுப்புப் பக்கம். இரண்டாம் உலகப் போரில் ராணுவ டாக்டராக இருந்து, போர்க் கைதியாகவும் ஆனார். போருக்குப் பின் சில காலம் மரம் வெட்டிப் பிழைத்தார்.

இதற்கிடையே, அமெரிக்காவில் ஆந்த்ரே கூர்னான், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் இருவரும் அவருடைய முறையை வளர்த்தெடுத்தார்கள். 1956-ல் மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அப்போது ஃபோர்ஸ்மான், ஜெர்மனியின் சிறிய ஊர் ஒன்றில் சிறுநீரகவியல் டாக்டர்.

இன்று என்ன நடக்கிறது?

1979-ல் இதயச் செயலிழப்பால் ஃபோர்ஸ்மான் இறந்தார். 1998-ல் பிரான்ஸின் போர்டோ நகர டாக்டர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: துடிப்பைக் குலைக்கும் மின் தூண்டல்கள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளில் இருந்தே கிளம்புகின்றன. இப்போது அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றியுள்ள திசுவை, குழாய் மூலம் சுட்டோ உறையவைத்தோ அந்தத் தூண்டல்களைத் தடுக்கிறார்கள். நீண்ட நாள் பிரச்சினை என்றால் ஒருமுறை செய்தது போதாமல் போகலாம். சிலருக்கு மறுபடியும் செய்ய வேண்டிவரும். அப்போதும் நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. ஃபோர்ஸ்மான் காட்டிய ரத்தக்குழாய் வழியே போதும்.