மலை அருவிக்கு வேலை கொடுத்தவர்!

குட்டீஸ்... கடலூர், திருப்பாதிரிப்புலியூரில், இரவு 10:00 மணிக்கு மேல், பாடலீஸ்வரர் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். கடைகள் மூடியிருக்கும், தெரு அமைதியாக இருக்கும். ஏதாவது ஒரு வீட்டு வாசலில், கம்பிக் கதவுக்கு உள்ளே, ஒரு ஸ்கூட்டர் நின்று கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர், ஜன்னல் வழியே வீட்டுக்குள் போகும்.

பெட்ரோல் இல்லாமல், மின்சாரத்தில் ஓடும் ஸ்கூட்டர் அது. ராத்திரி முழுக்க, 'சார்ஜ்' ஏறினால், காலையில் பள்ளிக்கு உங்களை ஏற்றிச் செல்ல தயாராகி விடும். புகை கிடையாது, சத்தமும் கிடையாது.

சரி... அந்த ஒயர் வழியே வரும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

சுவரில் உள்ள பிளக்கில் இருந்து என்று சொல்லக் கூடாது. பிளக்குக்குப் பின்னால், மின் கம்பம். கம்பத்துக்குப் பின்னால், டிரான்ஸ்பார்மர். அதற்குப் பின்னால், துணை மின் நிலையம். அங்கிருந்து, வயல்களைத் தாண்டி, ஆறுகளைத் தாண்டி, உயரமான இரும்புக் கோபுரங்கள் வழியே போய்க் கொண்டே இருந்தால், ஒரு வழி நெய்வேலிக்குப் போகும். இன்னொரு வழி, நீலகிரி மலைக்குப் போகும்.

அந்த நீலகிரி மலையில், சும்மா விழுந்து ஓடிக் கொண்டிருந்த தண்ணீருக்கு வேலை கொடுக்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர், சர் சி.பி.ராமசாமி அய்யர். அவர் வாழ்க்கையைத் தான் இந்த வாரம் படிக்கப் போகிறோம்.

வந்தவாசியில் பிறந்தவர்

1879ம் ஆண்டு, நவம்பர் 12ம் தேதி, வந்தவாசியில் பிறந்தார் ராமசாமி. அப்பா பெயர் பட்டாபிராம அய்யர். பெயருக்கு முன் வரும், 'சி' என்ற எழுத்து, சேத்துப்பட்டைக் குறிக்கும். 'பி' என்பது அப்பாவின் பெயர். எல்லாரும் அவரை, சி.பி., என்றே அழைத்தனர்.

சென்னையில் வெஸ்லி பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பின், சட்டம் படித்து, 1903ல் வக்கீல் ஆனார். வாதாடுவதில் கெட்டிக்காரர் என்று சீக்கிரமே பெயர் எடுத்தார்.

அவர் வாதாடிய வழக்குகளில் ஒன்று, மிகவும் பிரபலம். ஜே.கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனையும், அவன் தம்பியையும், அன்னிபெசன்ட் அம்மையார் வளர்த்து வந்தார். பிள்ளைகளைத் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று, அப்பா நாராயணய்யா வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர், சி.பி.,

நீதிமன்றத்தில் எதிரெதிராக நின்ற இருவரும், சில ஆண்டுகளில் ஒரே பக்கம் சேர்ந்தனர் என்பது தான் வேடிக்கை! இந்தியர்களே இந்தியாவை ஆள வேண்டும் என்று, 1916ல், 'ஹோம் ரூல்' இயக்கத்தைத் துவக்கினார் அன்னிபெசன்ட். அதில் சேர்ந்து, அவருக்கு வலது கையாக விளங்கினார் சி.பி., வழக்கில் எதிர்ப்பது வேறு. நல்ல காரியத்துக்கு ஒத்துழைப்பது வேறு என்பதை, நடந்து காட்டினார்.

தண்ணீரைப் பார்த்தார்

1920ல், சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல் ஆனார் சி.பி., 1923ல், கவர்னரின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினர் பதவி கிடைத்தது. இன்றைய அமைச்சர் பதவி போன்றது அது. பாசனமும், மின்சாரமும் அவரது கவனத்துக்கு வந்தன.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள், குட்டீஸ்... சென்னை போன்ற சில நகரங்களில் மட்டும் தான் மின் விளக்கு எரிந்தது. கடலூர், சிதம்பரம் பக்கத்து கிராமங்களில், மண்ணெண்ணெய் விளக்கு தான். கிணற்றில் இருந்து தண்ணீர் இறைக்க, மாடு பூட்டிய கவலை, இல்லையேல் ஏற்றம். மில் ஓட, நிலக்கரி வேண்டும். அது, வெகு தூரத்தில் இருந்து ரயிலில் வர வேண்டும்.

ஆனால், பக்கத்து மைசூர் சமஸ்தானத்தில், 1902லேயே, சிவசமுத்திரத்தில் காவிரி நீரைக் கொண்டு மின்சாரம் தயாரித்து, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பிக் கொண்டிருந்தனர். நம் நீலகிரியிலும், அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காக, காட்டேரி அருவியில் சிறிய மின் நிலையம் இருந்தது. ஒரு தொழிற்சாலைக்கு முடியும் என்றால், ஊர்களுக்கு ஏன் முடியாது?

நீலகிரியில், பைக்காரா என்று ஓர் ஆறு உண்டு. உச்சியில் அமைதியாக ஓடி, மலை விளிம்பில் சடாரென்று கீழே இறங்கும். அந்த இறக்கத்தில் தான் சக்தி இருந்தது.

பைக்காரா நீர் மின் திட்டத்தை அரசே செய்ய வேண்டும் என்று, முனைந்து நின்றார் சி.பி., அணை, குழாய், இயந்திரம், கம்பி என்று, பெரும் பணம் தேவை. போட்ட பணம் திரும்பி வர, பல ஆண்டுகள் ஆகும். மின்சாரத்தையே பார்த்திராத மக்களுக்காக மின்சாரம் தயாரிக்க வேண்டும். வாங்குவோர் பிறகு தான் வருவர். கடைக்கு வாடிக்கையாளர் வரும் முன்பே, கடை கட்டுவது போன்ற காரியம் அது!

இதே காலத்தில் தான், காவிரி நீர் பற்றி மைசூருக்கும், சென்னை மாகாணத்துக்கும் 1924ல் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் பிறகு, 1925ல் மேட்டூர் அணைக்கு வேலை துவங்கி, 1934ல் முடிந்தது. அணை கட்டும் முயற்சியிலும் சி.பி.,க்கு பெரும் பங்கு உண்டு.

சி.பி.,யின் பதவிக்காலம், 1928ல் முடிந்தது. பைக்காரா வேலை, 1929ல் துவங்கியது. விதைத்தவர் ஒருவர், நீர் பாய்ச்சி வளர்த்தவர்கள், பொறியாளர்களும், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும். காட்டையும், மலைச் சரிவையும் வென்று, 1932ல், சிங்காரா என்ற இடத்தில் மின் நிலையம் ஓடத் துவங்கியது.

எப்படி வேலை செய்கிறது?

மலை மேல், கிளென்மார்கன் என்ற இடத்தில் இருந்து, ராட்சத இரும்புக் குழாய்களில் தண்ணீர் இறங்குகிறது. ஏறத்தாழ, 3,000 அடி இறக்கம்! கீழே வரும்போது, அதன் வேகம் பயங்கரமாக இருக்கும். அந்தத் தண்ணீர், சுழலி எனும் இரும்புச் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதி, அதைச் சுழற்றும். சக்கரத்தோடு சேர்ந்து, காந்தம் சுழலும். செம்புக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் சுழன்றால், கம்பியில் மின்சாரம் பாயும். இதை, 1831ல் கண்டுபிடித்தவர், இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் பாரடே.

சக்கரத்தைச் சுழற்றிய பின், தண்ணீர் கெட்டுப் போவதில்லை. ஆற்றில் சேர்ந்து, மேலும் ஓடும். தண்ணீரும் மிச்சம், மின்சாரமும் கிடைத்தது!

அந்த மின்சாரம், கோவைக்குப் போனது. பஞ்சாலைகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பெருகின. விவசாயிகள் கிணறுகளில் மின் மோட்டார் வைத்தனர். வாங்க ஆள் வருவரா என்ற கேள்விக்கு, கோவை பதில் சொன்னது.

திருவிதாங்கூரில்...

1936ல், திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவான் ஆனார் சி.பி., தாழ்த்தப்பட்டோர் உட்பட எல்லா இந்துக்களும் அரசு கோவில்களுக்குள் செல்லலாம் என்று, அந்த ஆண்டு நவம்பரில் மன்னர் சித்திரைத் திருநாள் அறிவித்தார். அதில் சி.பி.,யின் பங்கு பெரிது. 1938ல், அரசே பஸ்களை இயக்கத் துவங்கியது.

மின்சாரத்தையும் அவர் மறக்கவில்லை. மூணாறு அருகே பள்ளிவாசலில், நீர் மின் நிலையம், 1940ல் இயங்கத் துவங்கியது. அந்த மின்சாரத்தை நம்பி, ஆலுவாப் பகுதியில் அலுமினியம், உரத் தொழிற்சாலைகள் வந்தன.

ஆனால், குட்டீஸ்... பெரிய மனிதர்களும் பெரிய தவறுகள் செய்வதுண்டு. தன்னை எதிர்த்தவர்களை, கடுமையாக அடக்கினார் சி.பி., 1946ல், புன்னப்புரா, வயலார் ஊர்களில் போராடிய தொழிலாளர்கள் பலர், துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். இந்தியா விடுதலை அடைய இருந்த நேரத்தில், திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்தார். மக்கள் கொதித்தனர். 1947 ஜூலை 25ல், திருவனந்தபுரத்தில் ஓர் இசை நிகழ்ச்சிக்கு வந்த அவரை, ஒருவர் அரிவாளால் வெட்டினார். முகத்தில் காயத்துடன் உயிர் தப்பினார் சி.பி., திருவிதாங்கூர், இந்தியாவுடன் இணைந்தது. அவர் பதவியை விட்டு விலகினார்.

மின் நிலையம் அமைத்ததற்காக, அந்தத் தவறுகளை மறந்து விட முடியாது. தவறுகளுக்காக, மின் நிலையத்தையும் மறைத்து விட முடியாது. இரண்டையும் சேர்த்துத் தான் அவரைப் புரிந்து கொள்ள வேண்டும்.

சிதம்பரத்துக்கு வந்தார்

பதவி போன பின், கல்விப் பணிக்குத் திரும்பினார் சி.பி., 1950களில், காசி இந்து பல்கலைக் கழகத்துக்கும், நம் சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக் கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தார். 1966 செப்டம்பர் 26ல், லண்டன் சென்றிருந்தபோது காலமானார். அப்போது வயது, 86.

அவர் கல்விப் பணி செய்த அதே, 1950களில், சிதம்பரத்துக்கும், கடலூருக்கும் பக்கத்திலேயே, வேறொரு மின்சாரக் கதை துவங்கியது. 1956ல், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. மண்ணைத் தோண்டி, பழுப்பு நிலக்கரி எடுத்து, அதை எரித்து, தண்ணீரை நீராவியாக்கி, அந்த நீராவியால் சுழலியைச் சுழற்றுவது, நெய்வேலி முறை. 1962ல், முதல் இயந்திரம் ஓடியது. சுழலும் காந்தம், செம்புச் சுருள் எல்லாம், பைக்காராவில் உள்ளது போலத் தான். தள்ளிச் சுழற்றும் பொருள் தான் வேறு. அங்கே தண்ணீர், இங்கே நீராவி!

ஆனால், நிலக்கரியை எரித்தால் புகை வரும்; கரியமில வாயு, காற்றில் கலக்கும். சுரங்கத்துக்காக, பல கிராமத்து மக்கள், வீட்டையும், வயலையும் கொடுத்து விட்டு, வேறு இடம் போக நேர்ந்தது. நீர் மின்சாரத்துக்கும் விலை உண்டு. அணை கட்டினால், காடு மூழ்கும். மழை பொய்த்தால், சக்கரம் சுழலாது.

இப்போது சொல்லுங்கள்... திருப்பாதிரிப்புலியூர் வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்குப் புகையே இல்லையா? அது ஓடும் தெருவில் இல்லை. ஆனால், அதற்கு வரும் மின்சாரம் நிலக்கரியில் தயாரானது என்றால், புகை வேறொரு ஊரின் புகைபோக்கியில் வந்திருக்கும்.

எந்த நிலையத்து மின்சாரம் நம் வீட்டுக்கு வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பல வாய்க்கால்கள், ஒரே ஏரியில் கலப்பது போல, நெய்வேலி, பைக்காரா, கூடங்குளம் அணு மின்சாரம், முப்பந்தல் காற்றாலை, கமுதி சூரிய ஒளி மின்சாரம் எல்லாம், ஒரே கம்பி வலையில் கலக்கின்றன. ஏரியில் நல்ல தண்ணீர் எவ்வளவு அதிகமாகச் சேர்கிறதோ, அவ்வளவு நல்லது. அதே போல, காற்றும், வெயிலும், தண்ணீரும் தரும் மின்சாரம் கூடக் கூட, ஸ்கூட்டரின் சவாரியும் சுத்தமாகும்.

ஒரு சிக்கல்... வெயில் பகலில் தான்; நாம், 'சார்ஜ்' போடுவதோ ராத்திரியில்! அதற்கும் மலையே உதவுகிறது. கோவை மாவட்டம், காடம்பாறையில், மின்சாரம் மிச்சமாக இருக்கும்போது, கீழே உள்ள தண்ணீரை, மேலே உள்ள நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி வைக்கின்றனர். தேவைப்படும்போது, அதைத் திறந்து விட்டு, மின்சாரம் எடுக்கின்றனர். மலை உயரத்துக்கு ஒரு பேட்டரி!

ஒரு சின்னக் கணக்கு, குட்டீஸ்... ஒரு ஸ்கூட்டர் பேட்டரி முழுதாக நிறைய, ஏறத்தாழ, மூன்று யூனிட் மின்சாரம் வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். 75 வாட் மின் விசிறி, 40 மணி நேரம் ஓடினாலும், அதே மூன்று யூனிட் தான் ஆகும். ஆள் இல்லாத அறையில் சுற்றும் விசிறியை நிறுத்தினால், யாருடைய சவாரி மிச்சமாகிறது என்று, நீங்களே போட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை சிதம்பரம் போனால், நடராஜர் கோவிலைப் பார்த்து விட்டு, அண்ணாமலை பல்கலைக் கழகம் பக்கமும் போய் வாருங்கள். அங்குள்ள பெரிய நூலகத்துக்கு, சி.பி.ராமசாமி அய்யர் பெயர் சூட்டப்பட்டு உள்ளது. உள்ளே விளக்கு எரிந்தால், விசிறி சுழன்றால், அந்த மின்சாரத்தில், ஒரு துளி பைக்காராவில் இருந்தும் வந்திருக்கலாம்!