தண்டுவடத்தில் எங்கே அடிபட்டால் எது போகும்? 1,800 ஆண்டுகளுக்கு முன்பே விலங்குகளில் சோதித்த கேலன்

மாடியிலிருந்து விழுந்தவரையோ, வாகன விபத்தில் சிக்கியவரையோ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், முதுகில் எந்த இடத்தில் அடி என்பதைத்தான் மருத்துவர்கள் முதலில் தேடுவார்கள். கழுத்தில் என்றால் கை, கால் இரண்டுமே போகலாம். இடுப்புக்குப் பக்கத்தில் என்றால் கைகள் தப்பிவிடும். இந்தக் கணக்கை விலங்குகளின் உடலில் முறையாகப் போட்டுப் பார்த்து எழுதி வைத்தவர், ரோமப் பேரரசில் வாழ்ந்த கேலன்.

யார் இந்த கேலன்?

இன்றைய துருக்கியில் இருக்கும் பெர்கமோன் நகரில் கி.பி. 129-ல் பிறந்தவர். அப்பா நிக்கோன், வசதியான கட்டடக் கலைஞர். மருத்துவக் கடவுளாக வணங்கப்பட்ட அஸ்கிலிபியஸ் அப்பாவின் கனவில் வந்து சொன்னதால்தான் மகன் மருத்துவம் படிக்கப் போனார் என்று கேலனே எழுதியிருக்கிறார். ஸ்மிர்னா, கொரிந்து, அலெக்சாந்திரியா என்று பல ஊர்களில் படித்தார்.

157-ல் ஊர் திரும்பியவருக்குக் கிடைத்த வேலை, வாள்சண்டை போடும் கிளாடியேட்டர்களுக்கு மருத்துவம் பார்ப்பது. கிழிந்த தசை, அறுந்த நரம்பு, திறந்து கிடக்கும் வயிறு என எல்லாவற்றையும் அங்கே பார்த்தார். 162-ல் ரோமுக்குப் போனார். பிற்பாடு பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் அரண்மனை வரை அவருடைய பெயர் எட்டியது.

ஏன் விலங்குகள்?

மனித உடலை அறுத்துப் பார்க்க அன்றைய ரோமில் வழியில்லை. அதனால் கேலன் குரங்கு, பன்றி, ஆடு, மாடு ஆகியவற்றிடம் போனார். பெரியவர்கள் கூடியிருக்கும் சபையிலேயே உயிருள்ள பன்றியை வைத்துச் சோதனை செய்து காட்டுவார். குரல்வளைக்குப் போகும் மெல்லிய நரம்பைக் கட்டியதும், கத்திக்கொண்டிருந்த பன்றி சட்டென்று ஊமையாகிவிடும்.

மயக்க மருந்து என்ற ஒன்றே அப்போது கிடையாது. உயிருள்ள குரங்கின் மூளையைத் திறக்கும்போது அதன் முகத்தைப் பார்ப்பது கொடுமையாக இருக்கும் என்பதால், அதற்குப் பன்றியையோ ஆட்டையோ எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

தண்டுவடத்தில் என்ன செய்தார்?

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தை வெவ்வேறு உயரத்தில் வெட்டிப் பார்த்தார்.

நடுக்கோட்டில் நீளவாக்கில் வெட்டினால் பக்கவாதம் வரவில்லை. குறுக்கே முழுசாக வெட்டினால், அந்த இடத்துக்குக் கீழே இருபுறமும் அசைவும் உணர்ச்சியும் போயின. பாதி மட்டும் வெட்டினால், வெட்டிய பக்கத்துத் தசைகள் மட்டும் செயலிழந்தன.

கழுத்தின் உச்சியில் வெட்டினால் மூச்சு நின்று விலங்கு உடனே இறந்தது. கழுத்தின் அடிப்பகுதியில் வெட்டியபோது மார்புத் தசைகள் ஓய்ந்தாலும் உதரவிதானம் இயங்கியது. அதை வைத்தே விலங்கு மூச்சு விட்டது. உதரவிதானத்துக்கான நரம்புகள் கழுத்தின் நடுப்பகுதியிலிருந்து கிளம்புவதுதான் காரணம். கழுத்தின் மேற்பகுதியில் அடிபட்டவருக்கு இன்றும் செயற்கை சுவாசக் கருவி தேவைப்படுவது இதனால்தான்.

மனிதர்களுக்குப் பயன்பட்டதா?

பயன்பட்டது. பாசேனியஸ் என்ற சிரியா நாட்டுச் சொற்பொழிவாளருக்குச் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரலில் பாதி ஆகியவை மரத்துப்போயின. மற்ற மருத்துவர்கள் விரல்களுக்கே மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். கேலன் அவரிடம் துருவித் துருவி விசாரித்தார். வண்டியிலிருந்து விழுந்ததும், முதுகின் மேற்பகுதி கல்லில் மோதியதும் அப்போதுதான் தெரியவந்தது. கழுத்தின் ஏழாவது முள்ளெலும்புக்கு அடுத்து வெளிவரும் நரம்பில்தான் கோளாறு என்று முடிவு செய்து, விரலை விட்டுவிட்டு முதுகில் மருந்து போட்டார். நோயாளி குணமானதாக எழுதியிருக்கிறார்.

எங்கே சறுக்கினார்?

விலங்கில் பார்த்ததெல்லாம் மனிதனிலும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிட்டார். ஆடு, மாடுகளின் மூளைக்கு அடியில் ஒரு நுண்ணிய ரத்தக்குழாய் வலை உண்டு. அது மனிதனுக்கும் உண்டு என்றே எழுதினார். மனிதனுக்கு அது கிடையாது. கேலன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சுமார் 1,300 ஆண்டுகள் பாடம் நடந்தது. 1543-ல் வெசாலியஸ், மனித உடல்களை அறுத்துப் பார்த்து எழுதிய நூலில்தான் பல தவறுகள் வெளியே வந்தன.

இன்றைய நிலை என்ன?

கேலன் செய்தது கத்தி வெட்டு. விபத்திலோ தண்டுவடம் பெரும்பாலும் நசுங்குகிறது. இதை உணர்ந்துதான் 1911-ல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் ரெஜினால்ட் ஆலன், நாய்களின் தண்டுவடத்தின் மேல் குறிப்பிட்ட எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து விழச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அதன் வழிவந்த கருவிகள்தான் இன்றும் ஆய்வகங்களில் இருக்கின்றன. அதிகம் பயன்படுவது எலிகள்.

ஆனால் பழைய சிக்கல் விட்டபாடில்லை. மூளையிலிருந்து அசைவுக் கட்டளையைக் கொண்டுவரும் முக்கிய நரம்புப் பாதை, எலியின் தண்டுவடத்தில் பின்பக்கமாக ஓடுகிறது. மனிதனில் பக்கவாட்டில் ஓடுகிறது. எலியை மறுபடி நடக்க வைத்த மருந்து, மனிதனிடம் அதே பலனைத் தராமல் போவதற்கு இப்படிப்பட்ட வேறுபாடுகளும் ஒரு காரணம். எலிகள் நடந்துவிட்டன என்ற செய்தியைப் பார்த்ததும் சக்கர நாற்காலியில் இருப்பவரின் குடும்பம் நம்பிக்கையோடு மருத்துவரிடம் ஓடுவது இயல்புதான். மனிதர்களிடம் சோதித்தாகிவிட்டதா என்பதை அங்கே முதலில் கேட்க வேண்டும்.