மீர் சுல்தான் கான்

எண்ணூரிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் நோக்கி வரும் காலை ரயிலில் நம் மாணாக்கர் பலர் கைபேசியிற் சதுரங்கம் ஆடிக்கொண்டு வருதலை நாம் நாடோறும் காண்கின்றோம். ஒருவருக்கு 3 நிமிஷமே கணக்கு. திருவொற்றியூரைக் கடந்து இராயபுரம் சேர்வதற்குள் இரண்டு மூன்று ஆட்டங்கள் முடிந்துவிடும். ஒருநாள் அவருள் இருவருக்கு ஒரு வழக்கு உண்டாயிற்று. ஒருவனிடம் ராணியும் காலாட்கள் இரண்டும் இருந்தன. மற்றவனிடம் தனி ராஜாவன்றி வேறொன்றும் இல்லை. அந்நிலையில் ராணியுடையோனுக்கு நேரம் தீர்ந்துபோயிற்று. ஆட்டம் சமம் எனக் கைபேசி தீர்ப்பளித்தது. இருவருக்கும் அது பொருந்தவில்லை. வெற்றி தன் கைக்குள் இருந்ததென்பது ஒருவன் வாதம். நேரம் தீர்ந்தவன் தோற்றவனேயென்பது மற்றவன் வாதம்.

கைபேசி சொன்னது விதிப்படி சரியே. நேரம் தீர்ந்தவன் தோற்பான். ஆயினும் எதிரி எவ்வாறு ஆடினும் அவனது ராஜாவைக் கட்ட இயலாதாயின் ஆட்டம் சமம் என்பது சர்வதேச சதுரங்க சம்மேளனத்தின் விதி. தனி ராஜா யாரையும் கட்டவல்லதன்று. ஆனால் விதி என்பது மழையும் வெயிலும்போல் இயற்கையாய் வந்ததன்று. மனிதர் கூடி வகுத்தது. நாட்டுக்கு நாடு வேறுபட்டும் இருந்தது. ஒரு விதியிற் பிறந்து வளர்ந்து, பிறருடைய விதிக்குட் புகுந்து, அவர் நாட்டிலேயே அவரை வென்ற ஒருவரின் சரித்திரத்தை இங்கே சொல்லப் புகுகின்றோம்.

மீர் சுல்தான் கான் பஞ்சாபில் சர்கோதாவை அடுத்த மித்தா திவானா என்னும் ஊரிற் பிறந்தவர். பிறந்த வருஷம் 1903 என்பாரும் 1905 என்பாரும் உளர். ஒன்பதாம் வயதளவில் தந்தையாரிடம் ஆட்டம் பயின்றார். அவர் பயின்றது நாட்டுமுறை. அதிற் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். கடைசி வரிசையை எட்டிய காலாள், தான் சென்று சேர்ந்த கட்டத்திற்குரிய காயாகவே மாறும். கோட்டை கட்டுதல் இல்லை. அதற்கீடாக ராஜா ஒரேயொரு முறை குதிரைபோற் பாயலாம். ராஜாவுக்கு ஆபத்தின்றி, நகர்த்தவும் இடமின்றி ஒருவனை முடக்கிவிட்டால் இன்று சமம் என்கின்றோம். நம் நாட்டிற் பலவிடங்களில் அத்தகைய நகர்வையே செய்தலாகாதென விலக்கியிருந்தனர். சிலவிடங்களில், எதிரியைத் தனி ராஜாவாக்கினாலே அரை வெற்றியெனக் கொண்டு ஆட்டத்தை நிறுத்துவர். அம்முறை இன்றும் வழங்கியிருப்பின் நம் ரயில் வழக்கில் ராணியுடையோனுக்கு ஆறுதலேனும் கிடைத்திருக்கும்!

சுல்தான் கான் இருபத்தோராம் வயதளவில் பஞ்சாபில் ஒப்பாரின்றி விளங்கினார். ஸர் உமர் ஹயாத் கான் என்னும் பெருநிலக்கிழார் அவரை ஆதரித்து, 1926-ல் ஐரோப்பிய முறையைப் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்தார். 1928-ல் நடந்த அகில இந்தியப் பந்தயத்தில் 9 ஆட்டங்களுள் 8 வென்று 1 சமம் செய்து முதல்வரானார். அடுத்த வருஷம் அப்பிரபுவுடன் லண்டன் சென்றார்.

அங்கே முதலிற் பங்குகொண்ட சிறு பந்தயத்தில் அவர் கடைநிலையில் நின்றார். ஆட்டத் தொடக்கங்களைப் பற்றி அந்நாட்டார் நூல்நூலாக எழுதி வைத்திருந்தனர். இவரோ அவற்றுள் ஒன்றும் பயிலாதவர். வின்டர், யேட்ஸ் என்னும் இருவர் அவருக்குத் துணைநின்று பழக்கினர். சில மாதங்களுக்குள் ராம்ஸ்கேட் நகரில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன் பந்தயத்தில் வெற்றி சுல்தான் கானுக்கே கிட்டியது. 1932, 1933 வருஷங்களிலும் அப்பட்டம் அவருடையதே.

அவரது வன்மை ஆட்டத்தின் நடுவிலும் முடிவிலும் இருந்தது. காலாட்கள் ஒவ்வொரு கட்டமாய் ஊரும் ஆட்டத்தில் வளர்ந்தவருக்குப் பொறுமை தானே அமைந்ததோ என்று நாம் எண்ணுவதுண்டு. 1930-31-ல் ஹேஸ்டிங்ஸ் பந்தயத்தில் முன்னாள் உலக சாம்பியன் காப்பபிளாங்காவை 65 நகர்வுகளில் வென்றார். மின்னலெனத் தாக்கிய வெற்றியன்று அது. எதிரியின் காய்களைச் சிறிது சிறிதாக நெருக்கி அசையவொட்டாமற் செய்த வெற்றி. 1931-ல் டார்டகோவருடன் நிகழ்த்திய 12 ஆட்டப் போட்டியில் ஆறரைக்கு ஐந்தரை என வென்றார். அவ்வருஷமே பிராக் ஒலிம்பியாடில் இங்கிலாந்தின் முதற்பலகையில் அமர்ந்து ரூபின்ஸ்டைனையும் ஃப்ளோரையும் வீழ்த்தி, அக்காலத்து உலக சாம்பியன் அலெகைனுடன் சமம் செய்தார். 17 ஆட்டங்களில் 8 வெற்றி, 7 சமம், 2 தோல்வி. இவ்வளவும் மலேரியாக் காய்ச்சலும் தொண்டை நோயும் குளிரும் அவரை வருத்திய காலத்தில் நிகழ்ந்தவை.

இங்கிலாந்துப் பத்திரிகையாளரும் ஆசிரியரும் அவரைப் பிரபுவின் வேலைக்காரர் என்றும் எழுத்தறியாதவர் என்றும் எழுதி வந்தனர். அவர் நிலபுலமுள்ள குடும்பத்தவரென்று கூறி வழித்தோன்றல்கள் அதனை மறுத்திருக்கின்றனர். ஒருவரது திறமையை வியப்பதற்கு அவரைத் தாழ்ந்தவராக்கிக் காட்டவேண்டிய அவசியம் யாது என்பது நமக்கு விளங்கவில்லை.

1933-ன் இறுதியில் பிரபுவுடன் நாடு திரும்பினார். 1935-ல் காடில்கருடன் ஆடிய 10 ஆட்டங்களில் ஒன்பதரைப் புள்ளி பெற்றார். அதன்பின் பெரும் பந்தயங்களில் அவரைக் காணோம். தம் நிலத்தில் உழவு பார்த்திருந்தார். 1947-க்குப் பின் அவ்வூர் பாகிஸ்தானுக்கு உரித்தாயிற்று. தம் மக்களுக்கு அவர் சதுரங்கம் கற்பிக்கவில்லை; வேறு பயனுள்ள தொழில் கற்குமாறு சொல்லிவிட்டாராம்.

1950-ல் சம்மேளனம் முதன்முதலாக 27 பேருக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கிற்று. பழைய வெற்றிகளுக்காகவே பட்டம் பெற்ற முதியவர்களும் அவர்களுள் இருந்தனர். 1914-லேயே பந்தயங்களை விட்டொழிந்த டூராஸுக்கும் கிடைத்தது. சுல்தான் கானிடம் தோற்ற டார்டகோவரும் ரூபின்ஸ்டைனும் ஃப்ளோரும் பெற்றனர். சுல்தான் கான் பெயர் அதில் இல்லை. அப்போது அவர் உயிருடன், சர்கோதாப் பகுதியிலேயே இருந்தார். நாட்டுமுறை, ஐரோப்பிய முறை என்னும் இரண்டிலும் விதி பிசகாது ஆடியவருக்கு ஆட்டத்திற்கு வெளியே நேர்ந்த இதனை எந்த விதியில் அடக்குவதென்று நாம் அறியோம். நம் சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானது 1988-ல் என்பதைக் கருதினால் அந்த விடுபாட்டின் அளவு புலப்படும்.

1966 ஏப்ரல் 25-ல் சுல்தான் கான் சர்கோதாவிற் காசநோயால் இறந்தார். 2024 பிப்ரவரியில் சம்மேளனத் தலைவர் இஸ்லாமாபாத் சென்று அவருக்குரிய கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அந்நாட்டின் இடைக்காலப் பிரதமர் கையில் அளித்தார். அப்போது சுல்தான் கான் மறைந்து ஏறக்குறைய 58 வருஷங்கள் ஆகியிருந்தன.